ஆக்சிலரேட்டர் திருகினால் வண்டி திக்கித் திக்கி ஓடுகிறதா?

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புகை மாசு விதிமுறை) பைக், ஸ்கூட்டர்கள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் போய், கணினிக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. இவற்றில் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது வண்டி வெட்டினாலோ ஐடிலிங் (ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்கினாலோ, புது சென்சார் வாங்கும் முன் வோல்டேஜ் அளக்கும் ஒரு மல்டிமீட்டரை எடுங்கள்.

இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியின் பக்கவாட்டில் த்ராட்டில் பொசிஷன் சென்சார் இருக்கும்; ஆக்சிலரேட்டரைத் திருகும்போது த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை இதுதான் சொல்லும். பெரும்பாலும் மூன்று வயர்: 5 வோல்ட் சப்ளை, எர்த், சிக்னல். சாவியை ஆன் செய்யுங்கள், இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். கனெக்டரைக் கழற்றாமல், அதன் பின்புறமாக மெல்லிய ஊசியை நுழைத்து சிக்னல் வயருக்கும் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் பாருங்கள். த்ராட்டில் மூடியிருக்கையில் சுமார் அரை வோல்ட், முழுக்கத் திறந்தால் 4 வோல்ட்டுக்கு மேல் காட்டும். சரியான அளவு மாடலுக்கு மாடல் மாறும்; சர்வீஸ் மேனுவலில் பாருங்கள்.

முக்கியமான இடம் இதுதான்: த்ராட்டிலை மிக மெதுவாகத் திருகுங்கள். அளவு சீராக ஏற வேண்டும். நடுவில் சட்டென்று விழுந்தாலோ துள்ளினாலோ சென்சாருக்குள் தொடுமுனை உரசி நகரும் தடம் தேய்ந்திருக்கிறது. அன்றாடம் நாம் ஓட்டும் கால்வாசித் திறப்பில்தான் தேய்மானம் அதிகம், அங்கே இரண்டு மூன்று முறை போய் வாருங்கள். வேகமாகத் திருகினால் டிஜிட்டல் மீட்டர் அளவு சட்டென்று விழுவதைக் காட்டாமலே தாண்டிவிடும்.

5 வோல்ட்டே வரவில்லையென்றால் சென்சாரைக் குறை சொல்லாதீர்கள். வயரிங்கையும் கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். மழைக்காலத்தில் இது சகஜம்.

சென்சார் ஸ்க்ரூவை மட்டும் தளர்த்தவே தளர்த்தாதீர்கள்.