தினம் ஒரு பிரிவு தோரா

தோரா, அதாவது மோசேயின் ஐந்து நூல்கள், அதில் வாரத்துக்குரிய பகுதியை ஓய்வுநாளான சனிக்கிழமை யூத ஜெப ஆலயத்தில் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அங்கே அது ஏழு பிரிவுகளாக வாசிக்கப்படுகிறது. ஞாயிறு தொடங்கி நாளுக்கு ஒன்றாக, இடைக்கால யூத உரையாசிரியர் ராஷியின் உரையோடு படியுங்கள். கூடப் படிக்க ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது.

நாளைய கவலை அழுத்தும்போது யாத்திராகமம் 16-ஐ எடுங்கள். பாலைவனத்தில் இஸ்ரயேலருக்கு வானத்திலிருந்து அன்றாடம் கிடைத்த உணவான மன்னா ஏன் ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகப் பொழியவில்லை என்று ரபி ஷிமோன் பார் யோகாயிடம் மாணவர்கள் கேட்டதாகத் யூத ரபிகளின் போதனைத் தொகுப்பான தல்மூதில் (யோமா 76) வருகிறது. அவர் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது: ஆண்டுக்கொருமுறை படியளந்த அரசனை மகனும் ஆண்டுக்கொருமுறைதான் பார்த்தான், தினமும் அளக்கத் தொடங்கியதும் தினமும் வந்தான். இதைப் படித்துவிட்டு, இன்று கிடைத்த ஒன்றுக்காவது வாய்விட்டு நன்றி சொல்லுங்கள்.