கேம் ஆடும் பிள்ளையிடமிருந்து போனை வாங்குவது எப்படி?

லீவு விட்டதும் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். அதை மட்டும் செய்யாதீர்கள், பக்கத்து வீட்டுப் போனில் போய் ஆடுவான், அவ்வளவுதான்.

முதலில் தூக்கத்தைச் சரி செய்யுங்கள், கண், கழுத்து, மார்க் எல்லாம் அப்புறம். 6 முதல் 12 வயது வரை நாளுக்கு 9 மணி நேரமாவது தூங்க வேண்டும், அதற்கு மேல் 18 வயது வரை 8 மணி நேரமாவது வேண்டும். போர்வைக்குள் நடுராத்திரி வரை ஃப்ரீ ஃபயர் ஆடிவிட்டு 6 மணிக்கு ஸ்கூல் வேனுக்காக எழுந்தால் எத்தனை மணி நேரம் தூங்கியிருப்பான், நீங்களே கணக்குப் போடுங்கள். மறுநாள் அவன் காட்டும் எரிச்சலில் பாதி இந்தத் தூக்கம் கெட்டதுதான், நாமோ கொழுப்பு என்று திட்டுகிறோம். ராத்திரி 9 மணிக்கு எல்லாப் போனும் ஹாலில் சார்ஜுக்குப் போக வேண்டும். எல்லாப் போனும் என்றால் அப்பாவின் போனும் சேர்த்துத்தான், இதில்தான் பல வீடுகளில் திட்டம் கவிழ்கிறது.

பகலில் நேரத்தை வைத்துக் கறார் பண்ணாதீர்கள், மேட்சை வைத்துப் பேசுங்கள். ஃப்ரீ ஃபயரில் ஒரு ஆட்டம் சுமார் 10 நிமிடம், பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐயில் கடைசி வரை தாக்குப்பிடித்தால் அரை மணி நேரம் ஆகும். நடுவில் எழுந்தால் கூட ஆடும் பசங்கள் திட்டுவார்கள், அதனால்தான் "இதோம்மா, இதோம்மா" என்று இழுக்கிறான். சமையல்கட்டிலிருந்து கத்தாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "கண்ணு, இன்னும் ரெண்டு மேட்ச், அப்புறம் குடுத்துடணும்" என்று சொல்லிவிட்டு, ரெண்டாவது முடியும்போது அங்கேயே இருங்கள். கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப்பில் தினசரி நேரத்தையும் படுக்கை நேரத்தையும் குறித்து வைக்கலாம், ஆனால் அவனுக்குத் தெரியாமல் போட்டால் சண்டைதான் வரும்.

நம்ம சேலத்தில், அம்மாப்பேட்டையில் தறி ஓடும் வீட்டிலும் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையிலும் பெற்றவர்கள் வீட்டிலேயே இருந்தாலும் வேலையை விட்டு எழ முடியாது, பிள்ளை கையில் போன் போவதைக் குறை சொல்ல முடியாது. சாயங்காலம் ஒரு மணி நேரத்தை மட்டுமாவது தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் முறை வைத்துப் பார்த்துக்கொண்டால் பசங்கள் ஓடி ஆடுவார்கள். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெளி வெளிச்சத்தில் அதிகம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவதும் குறைகிறது. ஆடும் நேரத்திலும் 20 நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணைத் தூரத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள், மொட்டை மாடியில் நின்றால் சேர்வராயன் மலை தெரிகிறதே, அது போதும். (ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவிலும் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டே வருகிறவனுக்கு நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், வயிறே சொல்லிவிடும்.)

சாப்பிடும்போது கேம் வேண்டவே வேண்டாம். ஒரு கையில் தட்டுவடை செட், மறு கையில் போன் என்றால் எத்தனை தின்றோம் என்றே தெரியாது, ஸ்க்ரீன் முழுக்கச் சட்னி வேறு.

டைமண்ட் (கேமுக்குள் செலவழிக்கும் காசு), ஸ்கின் (கேமில் போடும் உடை, அலங்காரம்) வாங்கும் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். யுபிஐ பின் நம்பரைப் பிள்ளை முன்னால் அடிக்காதீர்கள், ப்ளே ஸ்டோரில் ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றி வையுங்கள்.

ஆடுகிற பிள்ளை எல்லாம் நோயாளி இல்லை. நிறுத்த முடியாமல், சாப்பாடு, நட்பு, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் கேம் பின்னுக்குத் தள்ளி, கெடுதல் தெரிந்தும் ஆட்டம் தொடர்ந்தால்தான் உலக சுகாதார நிறுவனம் அதைக் கோளாறு என்கிறது. அதுவும் பொதுவாக 12 மாதம் பார்த்துத்தான். அந்த நிலை என்று தோன்றினால் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், இல்லையென்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்குப் போன் போடலாம், கட்டணம் இல்லை. பையன் வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் முதல் தடவை நீங்கள் மட்டும் பேசினாலும் போதும்.