ஏற்காட்டு ஈரத்தில் படுத்துக்கொள்ளும் வீடியோ கேம் பெட்டி: பவர் சப்ளை பார்த்து மாற்றுவது எப்படி

சேலத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய காயின் வீடியோ கேம் பெட்டியை ஏற்காட்டுக்கு ஏற்றிக்கொண்டு போய் வைத்தால், ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் தகராறு ஆரம்பித்துவிடும். படம் கலங்கும், ஆட்டம் பாதியில் முதலிலிருந்து தொடங்கும், இல்லையென்றால் திரை வெறுமனே வெளுத்துக் கிடக்கும். பார்க்க வருகிறவர் "போர்டு போச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். பல நேரம் போர்டு, அதாவது ஆட்டத்தை ஓட்டும் சர்க்யூட் பலகை, நன்றாகத்தான் இருக்கும், அதற்கு வரவேண்டிய 5 வோல்ட் முழுசாக வந்து சேர்ந்திருக்காது.

இங்கே சொல்வதெல்லாம் ஜாமா (JAMMA) என்ற பொதுவான வயரிங் முறை உள்ள பெட்டிக்கு, அதாவது 1985க்குப் பிறகு வந்த, 56 பின் கனெக்டர் உள்ள வகைக்கு. அதற்கும் முந்தைய பேக்மேன் மாதிரியான போர்டுகளுக்கு டிரான்ஸ்பார்மரிலிருந்து ஏசியே நேராகப் போகும், அதில் இந்த முறையை அப்படியே காப்பியடிக்காதீர்கள்.

பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. நம் 230 வோல்ட்டில் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் (பவர் சப்ளைப் பெட்டிக்குள்) இருக்கும் பெரிய கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும், அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். பிக்சர் டியூப் பக்கம், அந்த ரப்பர் மூடி இருக்கும் இடத்துக்குப் போகவே போகாதீர்கள், நமக்கு அங்கே வேலையில்லை.

முதலில் பியூஸ். கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு கட்டாமல் கழற்றி மீட்டரில் கன்டின்யூட்டி (கரண்ட் அறுபடாமல் போகிறதா என்று) பாருங்கள். பியூஸ் நன்றாக இருந்து, திரும்பப் போட்டு ஆன் செய்ததும் டியூபின் கழுத்தில் லேசான ஆரஞ்சு வெளிச்சமும் தெரிந்தால் மெயின் கரண்ட் உள்ளே வருகிறது என்று அர்த்தம்.

அடுத்தது 5 வோல்ட், இதைப் பெட்டி ஓடும்போதுதான் அளக்க முடியும். எல்லோரும் சப்ளையின் ஸ்க்ரூவிலேயே மீட்டரை வைத்து "5 வருது சார்" என்பார்கள். அங்கே அளந்து பிரயோஜனமில்லை, போர்டில் அளக்க வேண்டும். 74 வரிசைச் சிப்பில் (மேலே 74LS என்பதுபோல எழுதியிருக்கும்) 14 கால் உள்ளதாக ஒன்றைப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் 7ஆம் கால் கிரவுண்டு, 14ஆம் கால் +5. மீட்டர் முனை வழுக்கிப் பக்கத்துக் காலைத் தொட்டால் சிப் போய்விடும், நிதானமாக வையுங்கள். 4.95 முதல் 5.10க்குள் இருந்தால் நல்லது. 4.75க்குக் கீழே போனால் அந்தச் சிப்புகள் ஒழுங்காக வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது.

சப்ளையில் 5.0, போர்டில் 4.6 என்றால்? சப்ளையைக் குறை சொல்லாதீர்கள். போர்டு 4 ஆம்பியர் இழுக்கிறது, வழியில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தாலே 0.4 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். கனெக்டரைக் கழற்றி 3, 4 எண் பின்களைப் பாருங்கள், இவைதான் +5. மற்ற பின்கள் மஞ்சளாகப் பளபளக்கும்போது இவை மட்டும் காபிக்கொட்டை நிறத்தில் கருகி, பிளாஸ்டிக்கும் லேசாக இளகியிருக்கும். போர்டு பக்கத்தை அழிரப்பரால் தேய்த்து ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடையுங்கள், கருகிய கனெக்டரை மாற்றிவிடுங்கள். இதைச் செய்யாமல் சப்ளையின் அட்ஜஸ்ட் திருகை ஏற்றி 5ஐ வரவழைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது ரொம்பத் தப்பு. ஏற்றினால் +12ம் கூடவே ஏறும், கருகிய பின் இன்னும் சூடாகும்.

சப்ளையிலேயே 5 குறைவாக இருந்தாலோ, ஆடிக்கொண்டே இருந்தாலோ, கெபாசிட்டர் தலை உப்பியிருந்தாலோ சப்ளையை மாற்றுங்கள். கெபாசிட்டர் மட்டும் மாற்றிப் பார்க்கலாம், 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள் தடை குறைந்த) வகை வாங்குங்கள். ஆனால் பிழைப்புக்கு ஓடும் பெட்டி என்றால், அதுவும் மே மாதக் கோடை விழா நேரத்தில், முழு சப்ளையையும் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

வாங்கும்போது +5, +12, -5 மூன்றும் இருக்கிறதா என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிவிடலாம் என்பார்கள், புதியவற்றில் -5 கிடையாது. சில போர்டுகளில் அது இல்லாவிட்டால் சத்தம் வராது.

பழையதைக் கழற்றுவதற்கு முன் போட்டோ எடுத்து, ஒவ்வொரு வயரிலும் டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். வயர் கலரை நம்பாதீர்கள், பல கை பட்ட பெட்டியில் சிவப்பு கிரவுண்டாகவும் இருக்கும். புது சப்ளையில் 110/220 சுவிட்ச் இருந்தால் 220இல் வைத்த பிறகே பிளக்கைத் தொடுங்கள், 110இல் விட்டு நம் கரண்டைக் கொடுத்தால் உள்ளே கெபாசிட்டர் வெடிக்கும். வெளிநாட்டுப் பெட்டியில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் இருந்தால் சப்ளைக்கு எது போகிறது என்று மீட்டரில் பார்த்துவிட்டு சுவிட்சை வையுங்கள். மானிட்டருக்குப் போகும் ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மரை (மெயின் கரண்டிலிருந்து மானிட்டரைப் பிரித்து வைப்பது) எந்தக் காரணத்துக்காகவும் தவிர்த்து இணைக்காதீர்கள்.

போர்டை மாட்டாமல், +5க்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 12 வோல்ட் 21 வாட் வண்டி பல்பை லோடாகப் போட்டு முதலில் ஆன் செய்யுங்கள். மங்கலாக எரியும், அது போதும். மெயினில் 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் வைத்தால் இன்னும் நல்லது: ஒரு தடவை மின்னி அடங்கினால் சரி, விடாமல் பளிச்சென்று எரிந்தால் எங்கேயோ ஷார்ட். மூன்று வோல்டேஜும் சரியாக வந்த பிறகு அணைத்துவிட்டு, போர்டை மாட்டி, சிப்பின் காலிலேயே வைத்து 5.0க்கு அட்ஜஸ்ட் செய்யுங்கள்.

எர்த் வயரை சப்ளையோடு நிறுத்தாமல் மானிட்டர் பிரேம், காயின் கதவு, உலோகக் கன்ட்ரோல் பேனல் மூன்றுக்கும் கொண்டுபோங்கள். ஏரியில் படகு விட்டுவிட்டு ஈரக்கையோடுதான் பிள்ளைகள் வந்து ஜாய்ஸ்டிக்கைப் பிடிப்பார்கள். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு அணைத்து, பிளக்கை எடுத்துவிட்டு அந்த 3, 4 பின் பக்கம் கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் கனெக்டர் வேலை இன்னும் பாக்கி.