பாரிஸ் ஹோட்டல் கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

2023ஆம் ஆண்டு பிரான்சின் நுகர்வோர் அமைப்பு ஒன்று பாரிஸ் ஹோட்டல்களின் விலையை எடுத்துப் பார்த்தது. ஒலிம்பிக் தொடக்க விழா நடக்கப்போகும் 2024 ஜூலை 26 இரவுக்கு ஓர் அறை சராசரியாக 1,033 யூரோ. அதற்கு இரண்டு வாரம் முன்னால் 317 யூரோதான். அந்தச் செய்தியைப் படித்தவர்களில் என் உறவினர் ஒருவரும் உண்டு. குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டு, தன் இரண்டு அறை வீட்டை இரவுக்கு 400 யூரோவுக்கு விடலாம் என்று கணக்குப் போட்டார். ஜூன் கடைசியில் 150 யூரோவுக்கு இறங்கினார். அப்போதும் ஆள் வரவில்லை.

அந்தக் கோடையில் நான் ஒரு மூன்று நட்சத்திர ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தேன். ஜூலை முதல் பாதியில் எங்களிடம் காலி அறைகள் கிடந்தன. போட்டிகள் தொடங்கிய பிறகுதான் அறைகள் நிரம்பின. ஏர் பிரான்ஸ்-கேஎல்எம் நிறுவனமும் அந்த ஜூலை தொடக்கத்தில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 16 கோடி முதல் 18 கோடி யூரோ வரை வருமானம் பாதிக்கப்படும் என்று அறிவித்தது. ஒலிம்பிக் நடக்கும் ஊருக்கே விமானத்தில் ஆள் குறைவது எப்படி?

காரணம் எளிதுதான். கூட்டம், விலை, பாதுகாப்புக் கெடுபிடி ஆகியவற்றுக்குப் பயந்து, வழக்கமாக வரும் சுற்றுலாப் பயணிகள் பாரிஸைத் தவிர்த்தார்கள். அலுவலக வேலையாக வருபவர்கள் பயணத்தைத் தள்ளிப்போட்டார்கள். ஒலிம்பிக் டிக்கெட் வாங்கியவர்களில் பெரும்பாலோர் பிரான்ஸ்காரர்கள். அவர்களில் பலருக்கு ரயிலேறி வீடு திரும்ப முடியும், அல்லது தங்குவதற்கு அக்கா வீடு இருக்கும். இன்னொரு பக்கம், என் உறவினரைப் போல ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் தங்கள் வீட்டை வாடகைக்கு விட முன்வந்தார்கள். தேவை நினைத்த அளவு ஏறவில்லை, அறைகளோ எங்கிருந்தோ முளைத்துவிட்டன. ஊருக்குள் கூட்டம் வரும் என்றால் ஹோட்டல் அறைக்குக் கிராக்கி வரும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து பிறப்பவை.

ஆளை எண்ணுவதும் அறையை எண்ணுவதும்

செய்தியில் 'பாரிஸுக்கு வந்த பயணிகள்' என்று ஓர் எண் வரும். அது எதை எண்ணியது என்று பார்க்காமல் முடிவுக்குப் போகக்கூடாது. கணவனும் மனைவியும் ஓர் அறையில் மூன்று இரவு தங்கினால் வருகை இரண்டு. ஆள்-இரவு என்று எண்ணினால் ஆறு. ஆனால் ஹோட்டல் விற்றது மூன்று அறை-இரவுகளை மட்டும்தான். வியாபாரக் கண்காட்சிக்கு வரும் 100 பேர் பெரும்பாலும் தனித்தனியாக 100 அறை எடுப்பார்கள். குழந்தைகளோடு வரும் 100 பேருக்கு முப்பது நாற்பது அறை போதும். ஆகவே பயணிகளின் எண்ணிக்கை குறைந்த மாதத்திலும் அறை விலை ஏறலாம்.

இடத்தின் பெயரையும் கவனியுங்கள். 20 வட்டாரங்கள் கொண்ட பாரிஸ் நகரம் சுமார் 105 சதுர கிலோமீட்டர்தான். பல புள்ளிவிவரங்கள் அதைச் சுற்றியுள்ள இல்-து-பிரான்ஸ் மாகாணம் முழுவதற்கும் உரியவை. டிஸ்னிலேண்டும் வெர்சாய் அரண்மனையும் விமான நிலையத்தை ஒட்டிய ஹோட்டல்களும் நகர எல்லைக்கு வெளியே, மாகாணத்துக்குள் இருப்பவை. நகர எண்ணையும் மாகாண எண்ணையும் அருகருகே வைத்து ஒப்பிடும் கட்டுரைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கூட்டம் வேறு, அறைத் தேவை வேறு என்பதற்கு நம் ஆட்களிடமே நல்ல உதாரணம் உண்டு. கோடை முடியும் நேரத்தில் பாரிஸின் லாச்சப்பல் பகுதியில் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் நடக்கிறது. தெருவெல்லாம் உடைத்த தேங்காயும் கற்பூர வாசனையுமாக இருக்கும். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, லண்டனிலிருந்தெல்லாம் தமிழர்கள் வருகிறார்கள். பக்கத்திலேயே கார் து நோர் ரயில் நிலையம், அதைச் சுற்றி ஹோட்டல்கள். ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் புறநகரில் லாகூர்னெவிலோ சார்செலிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். கடைக்கும் ரயிலுக்கும் அவர்கள் வாடிக்கையாளர்கள், ஹோட்டலுக்கு அல்ல.

விசா எடுத்து வருபவர்களும் இதையே செய்ய முடியும். அழைக்கும் குடும்பம் தன் ஊர் நகராட்சியில் வரவேற்புச் சான்று வாங்க வேண்டும், அதற்கு 30 யூரோ முத்திரைக் கட்டணம். அது இருந்தால் விசாவுக்கு ஹோட்டல் முன்பதிவு காட்டத் தேவையில்லை. சான்று கைக்கு வர நாளாகும், ஆகவே பயணத்துக்கு நன்றாக முன்பே விண்ணப்பித்துவிடச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட்தான் சீசன் என்ற நினைப்பு

கோடை விடுமுறையில் ஐரோப்பா முழுக்க விலை ஏறும் என்பது பொதுவான எண்ணம். கடற்கரை ஊர்களுக்கு அது சரி. பாரிஸ் அப்படி இல்லை. அது சுற்றுலா ஊர் மட்டுமல்ல, தொழில் தலைநகரமும்கூட. ஆகஸ்டில் பாரிஸ்காரர்கள் ஊரைக் காலி செய்துவிடுவார்கள், அலுவலகங்கள் அரைத் தூக்கத்தில் இருக்கும், கண்காட்சிகள் கிடையாது. சுற்றுலாப் பயணிகள் வந்தாலும், கோட் சூட் போட்ட வாடிக்கையாளர் இல்லாத குறையை அவர்களால் ஈடுகட்ட முடிவதில்லை. அதனால் பல ஹோட்டல்களில் ஆகஸ்ட் விலை ஜூன் விலையைவிடக் குறைவு.

உண்மையில் விலை உச்சத்தில் இருப்பது ஜூன், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான். செப்டம்பர் கடைசியில் ஃபேஷன் வாரம் தொடங்கும். அதே மாதத்தில் வீட்டு அலங்காரப் பொருள்களுக்கான பெரிய கண்காட்சி வடக்குப் புறநகரான வில்பான்தில் நடக்கும். ஒற்றைப்படை ஆண்டுகளின் அக்டோபரில் கொஞ்சம் மூச்சு விடலாம். இரட்டை ஆண்டுகளில் உணவுத் தொழில் கண்காட்சியும் கார் கண்காட்சியும் அந்த மாதத்தில் வந்து விழும் என்பதால் நிலைமை மாறும். ஒற்றைப்படை ஆண்டுகளின் ஜூனில் லு பூர்ஜேயில் விமானக் கண்காட்சி. அந்த வாரம் வடக்குப் புறநகரில் சாதாரண ஹோட்டல்கூட யானை விலை சொல்லும்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் பள்ளி விடுமுறையைப் பார்த்து மே மாதத்தில் வருகிறார்கள். பிரான்சில் மே 1, மே 8 இரண்டும் விடுமுறை, கூடவே இயேசு விண்ணேற்ற விழா வேறு. நீண்ட வார இறுதிகளில் உள்நாட்டுக் குடும்பங்கள் அறைகளைப் பிடித்துவிடும். மாதக் கடைசியில் ரோலான் காரோஸ் டென்னிஸ் தொடங்கிவிடும். மே தவிர வேறு வழியில்லை என்றால் நீண்ட வார இறுதிகளையாவது விட்டுவிட்டு நாள் குறியுங்கள்.

வாரத்தின் நாளும் இடத்துக்கு இடம் வேறுபடும். அலுவலகக் கோபுரங்கள் நிறைந்த லா தெஃபான்ஸில் திங்கள் முதல் வியாழன் வரை விலை அதிகம், வெள்ளி, சனி இரவுகளில் இறங்கிவிடும். மொன்மார்த்ர் குன்றுப் பக்கம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. நகரம் முழுவதற்கும் ஒரே விலைக் காலண்டர் கிடையாது.

காலி அறை இருக்கிறதே, பேரம் பேசலாமே?

இரவு பத்து மணிக்குப் பெட்டியோடு வந்து நின்று, "அறை காலியாத்தானே கிடக்கு, பாதிக்குக் கொடுங்க தம்பி" என்று கேட்ட நம்மவர்களை எனக்குத் தெரியும். கொடுக்க எனக்கு மனம் இருந்தது, அதிகாரம் இல்லை. கணக்கைப் பாருங்கள். 100 அறை உள்ள ஹோட்டல் 90 அறையை 150 யூரோவுக்கு விற்றால் 13,500 யூரோ. 70 அறையை 210 யூரோவுக்கு விற்றால் 14,700 யூரோ. இரண்டாவதில் 30 அறை காலி, ஆனால் வருமானம் கூட, துவைக்கும் செலவும் குறைவு. அதனால்தான் ஹோட்டல்காரர்கள் நிரம்பிய விகிதத்தை மட்டும் பார்ப்பதில்லை. வருமானத்தை இருக்கும் மொத்த அறைகளால் வகுத்துப் பார்க்கிறார்கள். முதலாவதில் அது 135, இரண்டாவதில் 147. 'பாரிஸ் ஹோட்டல்கள் 30 சதவீதம் காலி' என்ற தலைப்பைப் பார்த்து விலை விழப்போகிறது என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

சராசரி விலையும் ஏமாற்றும். 2010இல் பிரான்ஸ் அரசு ஐந்து நட்சத்திரத்துக்கும் மேலே 'பலாஸ்' என்றொரு தகுதியை உருவாக்கியது. பாரிஸில் அந்தத் தகுதி உள்ள ஹோட்டல்கள் ஒரு டஜன் அளவில்தான் இருக்கும். ஓர் இரவுக்கு ஆயிரத்துக்கும் மேல் வாங்கும் அந்தச் சில கட்டடங்கள் ஊரின் சராசரியையே தூக்கிவிடும். பழைய இரண்டு நட்சத்திர ஹோட்டலைப் புதுப்பித்து நான்கு நட்சத்திரமாக்கினாலும் சராசரி ஏறும். அப்போது விலை ஏறியது என்பதைவிட, மலிவான அறை ஒன்று இல்லாமல் போனது என்பதே சரி.

நட்சத்திரம் என்பது அழகுக்குக் கொடுக்கும் மதிப்பெண் அல்ல. அறையின் அளவு, வசதிகள் இவற்றைப் பட்டியல் வைத்துச் சரிபார்த்து ஐந்து ஆண்டுக்குக் கொடுக்கும் சான்று. நான்கு நட்சத்திர ஹோட்டலில் இருவர் அறை, குளியலறையையும் சேர்த்து, 16 சதுர மீட்டர் இருந்தால் போதும். இரண்டு பெரிய பெட்டிகளைத் திறந்து வைக்கத் திணற வேண்டிய அளவு அது. அறைப் படத்தைப் பார்க்காதீர்கள், சதுர மீட்டரைப் பாருங்கள்.

திரையில் தெரியும் விலை

தங்கும் வரி பெரும்பாலும் அந்த விலையில் சேர்ந்திருக்காது. 2024 ஜனவரியிலிருந்து இல்-து-பிரான்ஸ் முழுவதும் பொதுப் போக்குவரத்துக்காகக் கூடுதல் வரி சேர்ந்து இது பெருமளவு ஏறியது. அந்த ஆண்டு பாரிஸில் மூன்று நட்சத்திரத்துக்கு ஒருவருக்கு ஓர் இரவுக்கு 5.20 யூரோ. பெரியவர் இருவர் ஐந்து இரவு தங்கினால் 52 யூரோ. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு வரி இல்லை. நட்சத்திரம் இல்லாத விடுதிகளில் அறை விலையின் சதவீதமாக வசூலிப்பார்கள், அது சில சமயம் இன்னும் கூடும். வரி ஹோட்டலுக்குப் போவதில்லை, வரவேற்பில் இருப்பவரோடு சண்டை போட்டுப் பயனில்லை.

தூரக் கணக்கும் மாறிவிட்டது. முன்பு புறநகரில் தங்கினால் ரயில் செலவு அந்த மலிவைத் தின்றுவிடும். 2025 ஜனவரியிலிருந்து மாகாணம் முழுக்க மெட்ரோ, புறநகர் ரயிலுக்கு ஒரே கட்டணம் வந்தது, அப்போது 2.50 யூரோ. விமான நிலையத்துக்கு மட்டும் தனி டிக்கெட், அது அப்போது 13 யூரோ. 2024 ஜூனில் 14ஆம் மெட்ரோ தெற்கே ஓர்லி விமான நிலையத்துக்கும் வடக்கே சென்-தெனி ப்ளெயலுக்கும் நீண்டது. ஆகவே 'நகரத்துக்குள்ளேயே தங்க வேண்டும்' என்ற பழைய அறிவுரையை அப்படியே பின்பற்ற வேண்டாம். ரயில் நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு எத்தனை நிமிட நடை என்று பாருங்கள்.

விசா கைக்கு வருமுன் பணம் திரும்பக் கிடைக்காத அறையைப் பதிவு செய்யாதீர்கள். கொஞ்சம் மலிவாக இருக்கும் என்றாலும் வேண்டாம். விசா மறுக்கப்பட்ட குடும்பங்கள் தொலைபேசியில் அழுததைக் கேட்டிருக்கிறேன்.

வீட்டை வாடகைக்கு விட நினைப்பவர்களுக்கு

இங்கே தவறு செய்தால் தண்டனை பெரிது, அதனால் அழுத்தமாகவே சொல்கிறேன். நீங்கள் குடியிருக்கும் வீட்டைப் பாரிஸில் பயணிகளுக்கு ஆண்டுக்கு 120 இரவு விடலாம் என்றிருந்தது. 2024 நவம்பரில் வந்த சட்டத்தைப் பயன்படுத்தி நகராட்சி அதை 2025 முதல் 90 இரவாகக் குறைத்தது. அதற்கும் பதிவு எண் வேண்டும். குடியிருக்காத இரண்டாவது வீடு என்றால் குடியிருப்பை வணிக இடமாக மாற்றுவதற்கான அனுமதி வாங்க வேண்டும், அது சாதாரணக் குடும்பத்தால் ஆகிற காரியம் அல்ல. அனுமதியில்லாமல் விட்டால் அபராதத்தின் உச்ச வரம்பை அதே சட்டம் 50,000 யூரோவிலிருந்து 1,00,000 யூரோவாக்கியது. வாடகை வீட்டை உரிமையாளரின் எழுத்துபூர்வச் சம்மதமின்றி உள்வாடகைக்கு விடக்கூடாது. அரசு வாடகைக் குடியிருப்பில் இருப்பவர்கள் இதை நினைத்தே பார்க்க வேண்டாம், வீடே போய்விடும்.

எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறோம்

2024 செப்டம்பரை 2023 செப்டம்பரோடு ஒப்பிட்டு 'சரிவு' என்று எழுதினால், 2023 செப்டம்பர், அக்டோபரில் பிரான்சில் ரக்பி உலகக் கோப்பை நடந்ததைச் சொல்ல வேண்டும். 2016ஐ அளவுகோலாக எடுத்தால், அது பாரிஸில் 2015 நவம்பர் 13 அன்று நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்கு அடுத்த, பயணிகள் பயந்து விலகியிருந்த ஆண்டு. 2020ஐப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நோத்ர் தாம் பேராலயம் 2019 ஏப்ரலில் எரிந்து, 2024 டிசம்பரில் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அது இருக்கும் தீவுப் பக்கத்து ஹோட்டல்களின் கணக்கைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக, யாரும் எழுதாத ஒரு தவறு. மலிவான ஹோட்டல் அறைகளில் எல்லாம் சுற்றுலாப் பயணிகள்தான் இருக்கிறார்கள் என்று நினைப்பது. 115 என்ற அவசர எண்ணை அழைக்கும் வீடற்றவர்களை அரசு மாகாணமெங்கும் ஹோட்டல்களில் தங்கவைக்கிறது. பல்லாயிரம் பேர், அவர்களில் பலர் குழந்தைகள் உள்ள குடும்பங்கள். சில ஹோட்டல்களுக்கு முழு ஆண்டு வருமானமே அந்த ஒப்பந்தம்தான். ஒலிம்பிக் நெருங்கியபோது, பயணிகள் நல்ல விலை கொடுப்பார்கள் என்று நம்பிப் பல ஹோட்டல்காரர்கள் அந்த அறைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 2023 முதல் அரசு வேறு மாகாணங்களில் தற்காலிக மையங்களைத் திறந்து குடும்பங்களை அங்கே அனுப்பத் தொடங்கியது.

நாங்கள் இருந்த தெருவின் எதிர்ப்பக்கத்து ஹோட்டலில் அப்படி ஒரு குடும்பம் இருந்தது. மாலையில் வரவேற்பறை நாற்காலியில் மண்டியிட்டு உட்கார்ந்து ஒரு சிறுமி வீட்டுப்பாடம் எழுதுவாள், கண்ணாடி வழியாகத் தெரியும். பிறகு ஒருநாள் அவர்கள் இல்லை. 2024 ஜூலை தொடக்கத்தில் அந்த ஹோட்டலின் மேல்மாடி ஜன்னல்களில் இரவில் விளக்கே எரியவில்லை.