ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கிறீர்களா? உச்சவரம்பைப் பார்த்து பட்ஜெட் போடாதீர்கள்

சமூக அறிவியல் ஆய்வுகளுக்கு நிதி தரும் மத்திய அமைப்பான ஐ.சி.எஸ்.எஸ்.ஆரின் அறிவிப்பு வந்துவிட்டால் போதும், கோவை, ஈரோடு, சேலம் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து இளம் ஆசிரியர்கள் தங்கள் விண்ணப்பத்தை அனுப்பி ஒரு பார்வை பார்க்கச் சொல்வார்கள். சமூகவியல், பொருளியல், சமூகப்பணி, மக்கள்தொகையியல் என்று துறை எதுவானாலும் எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகள் அப்படியே திரும்ப வருகின்றன. கடைசி நாளில் இணையதளம் திணறும், பிரின்சிபல் கையெழுத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

அறிவிப்பைப் பார்த்துவிட்டு கேள்வியைத் தேடுவது

அறிவிப்பில் முதியோர் என்று இருந்தால் உடனே முதியோர், புலம்பெயர்வு என்றால் உடனே புலம்பெயர்வு. படிப்பவருக்கு இரண்டாவது பக்கத்திலேயே தெரிந்துவிடும். நம் பகுதியில் கேள்விக்கா பஞ்சம்? 2019–21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள், 1.8. ஒரே பிள்ளையை வெளியூருக்கு அனுப்பிவிட்டு தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது ஒன்றே பெரிய ஆய்வு. ஆனால் 45 வயதைத் தாண்டியவர்களைப் பற்றிய தேசிய ஆய்வான லாசியின் முதல் சுற்றுத் தரவு (2017–18) ஏற்கெனவே மும்பையின் மக்கள்தொகை ஆய்வு நிறுவனமான ஐ.ஐ.பி.எஸ்.ஸில் இருக்கிறது. அது மாநில அளவுக்குத்தான் பேசும். மாவட்டத்தைப் பற்றி அதில் முடிவு சொல்ல முடியாது. அதனால்தான் புதிய கள ஆய்வு வேண்டும் என்று நீங்களே முதலில் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் ‘தரவுதான் இருக்கிறதே, புதிதாக எதற்கு?’ என்ற கேள்வி நிபுணர் குழுவிலிருந்து வரும்.

மாவட்ட எல்லையை மறப்பது

திருப்பூர் மாவட்டம் 2009இல்தான் கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரிக்கப்பட்டது. 2001 கணக்கெடுப்பின் கோவையையும் 2011 கணக்கெடுப்பின் கோவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘மக்கள்தொகை வளர்ச்சி’ என்று அட்டவணை போட்டால் வேறுவேறு நிலப்பரப்பைத்தான் ஒப்பிடுகிறீர்கள். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கிய சேலத்தைப் பற்றி எழுதுகிறவர்களுக்கும் இதேதான். 1991இன் சேலத்துக்குள் இன்றைய நாமக்கல்லும் இருந்தது, பிரிந்தது 1997இல். தாலுகா வாரியாகக் கூட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

உச்சவரம்பிலிருந்து பின்னோக்கிப் போடும் பட்ஜெட்

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்னும் கோபம் தீரவில்லை.

வழக்கம் இப்படித்தான். இவ்வளவு லட்சம் வரை கொடுப்பார்கள் என்று அறிவிப்பில் இருக்கும். அந்தத் தொகையை மேலே எழுதிக்கொண்டு, ஆட்களுக்கு இவ்வளவு, களப்பணிக்கு இவ்வளவு, புத்தகம் கருவிக்கு இவ்வளவு என்று அனுமதிக்கப்பட்ட சதவீதப்படி பிரித்துவிடுவார்கள். மாதிரி அளவு 400. ஏன் 400 என்று கேட்டால் போன வருடம் ஒருவர் 400 போட்டிருந்தார் என்பதுதான் பதில். களத்தில் ஒரு நாள் நின்று பார்த்த கணக்கு அதில் எங்குமே இருக்காது.

அவிநாசி பக்கத்திலிருந்து ஓர் உதவிப் பேராசிரியர் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றி எழுதினார். அருமையான கேள்வி, நிதியும் கிடைத்தது. கம்பெனிகள் தொழிலாளர் பெயர்ப் பட்டியல் தரும் என்று நம்பியிருந்தார், ஒன்றும் தரவில்லை. சரி, குடியிருப்புக்கே போகலாம் என்று வேலம்பாளையம் பக்கம் லைன் வீடுகளுக்குப் பகல் 11 மணிக்கு ஆய்வாளர்களை அனுப்பினார். வரிசையாகப் பூட்டிய கதவுகள். வீட்டுக்காரம்மா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: “ஏனுங் கண்ணு, பகல்ல வந்தா ஆரு இருப்பாங்க? ஞாயித்துக்கெழம காத்தால வாங்க.”

ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் அறைக்கு வர இரவு எட்டரை தாண்டும். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பது, காய்கறி, கடைவீதி. பகலில் அகப்படுகிறவர்கள் கைக்குழந்தைக்காரர்கள், உடம்பு சரியில்லாதவர்கள், இரவு வேலை முடிந்து தூங்குகிறவர்கள். இவர்களை மட்டும் பேட்டி எடுத்துவிட்டு ‘திருப்பூர் தொழிலாளர்’ என்று எழுதினால் அது பொய். போதாக்குறைக்குக் களப்பணியைத் தீபாவளியை ஒட்டி வைத்திருந்தார். அடுத்து சட் பூஜை. பீகார்க்காரர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். யார் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

கெடு நெருங்கியதும் ஒரு காண்ட்ராக்டரைப் பிடித்தார்கள். அவர் அழைத்து வந்த ஆட்களை வைத்து மிச்ச எண்ணிக்கை நிரம்பியது. அத்தனை பேரும் ஒரே வட்டாரத்திலிருந்து ஒரே காண்ட்ராக்டர் கொண்டுவந்தவர்கள். அறிக்கை திரும்பி வந்தது, கடைசித் தவணை நின்றது. இதில் என்னைச் சுடுவது வேறொன்று: பேட்டி எடுத்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு ஆட்டோ பிடித்து வீடு திரும்பிய, எம்.ஏ. படித்த ஆய்வாளர் பெண்ணுக்கு மாதக்கணக்கில் சம்பளம் போகவில்லை. ஆட்டோ காசுகூட அவள் கைப்பணம். பட்ஜெட்டில் ஆட்டோ என்று ஒரு வரி இல்லை.

விண்ணப்பம் எழுதும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வேலைநாள் இரவும் அந்தத் தெருவுக்குப் போங்கள். ஒரு காம்பவுண்டில் எத்தனை அறை, எத்தனை பூட்டு, ஓர் அறையில் எத்தனை பேர், பேசும் மொழி ஹிந்தியா ஒடியாவா என்று நோட்டில் குறியுங்கள். அப்புறம் பட்ஜெட்டைக் கீழிருந்து மேலே கட்டுங்கள். முதலில் வீட்டுப் பட்டியல் எடுக்கும் நாட்கள், அதற்குத் தனிக் கூலி. பட்டியல் இல்லாமல் மாதிரி எடுக்க முடியாது. ஆனால் பத்து விண்ணப்பம் பார்த்தால் ஒன்றில்கூட இந்தச் செலவு இருப்பதில்லை. அடுத்து அந்த மொழி பேசும் பேட்டியாளர்கள், இரவில் பெண்கள் இருவராகப் போய்வர வண்டி, பூட்டிய கதவுக்கு மறுபடி போகும் நாட்கள். வேலைநாள் இரவில் ஒருவர் இரண்டு மூன்று பேட்டி முடித்தாலே நல்லது. இதையெல்லாம் கூட்டி ஒரு பேட்டிக்கு எவ்வளவு ஆகிறது என்று கண்டு, உச்சவரம்பை அதனால் வகுத்துப் பார்த்தால் 180 பேர்தான் வருகிறார்களா? 180 என்றே எழுதுங்கள், ஏன் என்றும் காட்டுங்கள். அப்படி எழுதிய விண்ணப்பத்தை மதிக்காத மதிப்பீட்டாளரை நான் பார்த்ததில்லை.

யூ.சி.யை மார்ச்சில் நினைப்பது

யூ.சி. எனப்படும் செலவுச் சான்றிதழ் நிதியாண்டுக் கணக்கில் போகிறது, மத்திய அரசின் பொது நிதி விதிகளான ஜி.எஃப்.ஆர். 2017இன் 12-ஏ படிவம். அது போகாமல் அடுத்த தவணை வராது. பில்லை அன்றன்றே ஒட்டி வையுங்கள். இன்ன தலைப்புப் பணத்தை இன்னதற்கு மாற்ற வேண்டுமென்றால் செலவு செய்யும் முன்பே எழுதிக் கேளுங்கள்.

வெளிநாட்டுப் பணத்தை இன்னொருவர் கணக்கு வழியாக வாங்குவது

கூடாது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வின் 2020 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு, அதில் பதிவுள்ள தொண்டு நிறுவனமே ஆனாலும், தான் வாங்கிய பணத்தை வேறொருவருக்கு மாற்றித் தர முடியாது. வெளிநாட்டுக் கூட்டாளியோடு கையெழுத்துப் போடும் முன் உங்கள் நிறுவனத்தின் நிலையைக் கேளுங்கள்.

நெறிமுறைக் குழு ஒப்புதலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

முதல் பேட்டிக்கு முன்பே வாங்க வேண்டும்.

கணக்கெடுப்பு நேரத்தில் களத்துக்குப் போவது

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. இந்த முறை சாதியும் கேட்கப்படுகிறது. அதற்கு முந்தைய வாரங்களில் நோட்டும் பேனாவுமாக நீங்கள் வீடு வீடாகப் போய் ஆள் எண்ணிக்கையும் சாதியும் கேட்டால், அரசாங்கக் கணக்குக்கு வந்தவர் என்றே நினைப்பார்கள். ரேஷன் கார்டைப் பற்றிய பயத்தோடு பதில் வரும். அட்டவணையில் அந்த வாரங்களைக் களப்பணிக்கு வைக்காமல் வினாப்பட்டியல் தயாரிப்புக்கும் பேட்டியாளர் பயிற்சிக்கும் ஒதுக்குங்கள். ஏற்கெனவே ஒப்புதல் கிடைத்திருந்தால் தேதியை மாற்றித் தரும்படி இப்போதே கடிதம் எழுதுங்கள்.