பாட்டியின் பாம்படம்: விற்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

பாம்படம் என்ற பெயரிலேயே பாம்பின் படம் இருக்கிறது; நகையைக் கையில் எடுத்தாலோ கண், நாக்கு, செதில் எதுவும் தென்படாது. கனசதுரமும் உருண்டையும் பட்டைகளுமாக அடுக்கிய இந்தக் காதணியை மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்துப் பாட்டிமார் வளர்த்துத் தொங்கவிட்ட காதுகளில் அணிந்திருந்தார்கள். அத்தகைய ஒரு ஜோடி உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால், நகைக்கடைக்கு எடுத்துச் செல்லும் முன் நீங்களே பார்த்துவிடுவது நல்லது.

வெள்ளைத் துணியில் இரண்டையும் வைத்து, பகல் வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு விளிம்புகளைப் பாருங்கள். பழைய பாம்படம் பெரும்பாலும் கெட்டித் தங்கமன்று. மெல்லிய தகட்டை உருவமாக மடித்துப் பற்றவைத்து, நசுங்காதிருக்க உள்ளே அரக்கு நிரப்பியிருப்பார்கள். மூலையில் தகடு கிழிந்து கருஞ்சிவப்பாக அரக்கு எட்டிப் பார்த்தால் போலி என்று பதறவேண்டாம், அது அந்தக் காலத்து வேலைமுறை. காதில் மாட்டும் பகுதி வழவழவென்று தேய்ந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். பல ஆண்டுகள் அணிந்த நகையில் தேய்மானம் அங்கேதான் கூடுதலாக இருக்கும்.

தரம் பார்க்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். 22 காரட் தங்கம் நீரைக் காட்டிலும் ஏறத்தாழ 17 முதல் 18 மடங்கு அடர்த்தியானது. அரக்கோ நீரைவிடச் சற்றே கனமானது. ஆகவே நீரில் அமிழ்த்தி எடைபோடும் சோதனையில் நல்ல பாம்படமும் தோற்றுப்போகும். காரட் பார்க்கும் இயந்திரமும் மேற்பரப்பை மட்டுமே படிக்கிறது. உரைகல்லில் தேய்ப்பதானால் கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தில் ஒரே ஒரு முறை, அதுவும் உங்கள் முன்னிலையில் தேய்க்கச் சொல்லுங்கள். ஹால்மார்க் இல்லையே என்று விலையைக் குறைத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்தியாவில் தங்க நகைக்கு அந்த முத்திரை வந்ததே 2000ஆம் ஆண்டில்தான். அரக்கின் எடையைக் கழிப்பது நியாயமே. எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதை உருக்குவதற்கு முன்பே எழுதி வாங்குங்கள்.

அரசும் வேம்பும் நிற்கும் இடத்தில் பின்னிப் பிணைந்த நாகக் கல்லுக்கு மஞ்சள் பூசி, பிள்ளை வரம் கேட்கும் ஊர்களில் வழங்கிய நகை இது. மணப்பெண்ணின் பின்னலில் இறங்கும் சடைநாகத்தில் பாம்பு தலையோடு வெளிப்படையாகவே இருக்கிறது. பாம்படத்திலோ கோணங்களுக்குள் ஒடுங்கிவிட்டது. காவலும் வளமும் தரும் நாகத்தை உருவமாகக் காட்டாமல் இப்படிச் சுருக்கிய தட்டாரின் துணிச்சலே எனக்கு இந்நகையில் பெரிதாகப் படுகிறது.

சுத்தம் செய்ய மென்மையான உலர்ந்த துணி போதும். வெந்நீரில் ஊறவைத்தால் அரக்கு இளகிவிடும். நெருப்பில் காட்டிப் பற்றவைப்பதற்கும் அதே ஆபத்து உண்டு.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அனுப்ப நினைப்போர் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நூறாண்டுக்குக் குறையாத கைவினைப் பொருள் அதன்படி தொல்பொருளாகக் கருதப்படலாம். தொல்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது.

எந்த முடிவெடுத்தாலும் நான்கு பக்கமும் படம் எடுத்து, அணிந்தவர் பெயர், ஊர், நகையின் மொத்த எடை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.