குளித்த தண்ணீரைப் போர்வெல்லுக்குள் விடாதீர்கள்

பல் தேய்க்கும்போது குழாயை மூடுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. வீடுகளில் குழாய் வேலை பார்க்கிறேன். தண்ணீரைச் சேமிக்கப் புதிதாகக் கிளம்புகிறவர்கள், நான் ஒரு காலத்தில் அடித்த அதே கூத்தை அடிப்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

கழிவுநீரை நேராக நிலத்தடிக்கு அனுப்புவது

வற்றிய போர்வெல் ஒன்று சும்மா கிடக்கும். குளியலறை, வாஷிங் மெஷின் தண்ணீரை அதற்குள் திருப்பிவிட்டால் நிலத்தடி நீர் ஊறுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, என் வீட்டிலேயே செய்தேன். கேட்டவர்களிடம் “மண்ணே வடிகட்டிவிடும்” என்று பெருமையாகச் சொன்னேன்.

மண் வடிகட்டும், சரிதான். ஆனால் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது மேல்மண்ணும் அதில் வாழும் நுண்ணுயிர்களும். கேசிங் பைப், அதாவது மண் சரியாமல் தாங்கும் உறைக்குழாய், இறக்கிய போர்வெல், அந்த மண்ணைத் தொடாமலேயே அழுக்கைப் பாறை வெடிப்புக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், பக்கத்து வீட்டு மோட்டாரும் அதே வெடிப்பிலிருந்துதான் உறிஞ்சிக்கொண்டிருக்கும். சில மாதங்களில் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் நுரை, அப்புறம் நாற்றம். குளோரின் போட்டேன், இறைத்துக் கொட்டினேன். கிருமி செத்திருக்கலாம், சோப்பு போகவில்லை. இணைப்பைப் பிடுங்கிப் போட்ட பிறகும் மாதக்கணக்கில் குடிதண்ணீரை வெளியிலிருந்து சுமந்தோம். பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

கழிவறைத் தண்ணீரோ செப்டிக் டேங்க் கசிவோ சேர்ந்தால் நைட்ரேட்டும் ஏறும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரில் பால் பவுடரைக் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கத் திணறக்கூடும். கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

போர்வெல்லுக்குள் விடுவதானால் வடிகட்டிய மழைநீரை மட்டும் விடுங்கள். குளித்த தண்ணீர் மரத்தடிக்குப் போகட்டும், அதையும் ஒரு நாளுக்கு மேல் தேக்கி வைத்தால் நாறும்.

முதல் மழையைத் தொட்டியில் பிடிப்பது

மொட்டைமாடியில் 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் பெய்தால் 1 லிட்டர். அப்படியானால் 100 சதுர மீட்டர் மாடியின் முதல் 2 மில்லிமீட்டர், அதாவது 200 லிட்டர், தூசியும் பறவை எச்சமும்தான். வெளியே விடுங்கள்.

மீந்த பெயின்ட், காலாவதி மாத்திரை

சிங்க்கிலும் வேண்டாம், கழிவறையிலும் வேண்டாம்.

ஃப்ளஷ் டேங்கை நம்புவது

சத்தமே இல்லாமல் ஒழுகும். நிமிடத்துக்கு 100 மில்லி கசிந்தால் நாளுக்கு 144 லிட்டர். டேங்கில் கொஞ்சம் சமையல் நிறத்தைக் கலந்து, அரை மணி நேரம் யாரையும் உள்ளே விடாதீர்கள். கீழே கழிவறைக் கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் அடி ரப்பரை மாற்றுங்கள். அப்படியும் நிற்கவில்லையா, டேங்க் அளவுக்கு மீறி நிரம்பி, உள்ளே நிற்கும் நடுக்குழாய் வழியாக வழிகிறது. மிதவையைக் கொஞ்சம் தாழ்த்தினால் போதும், அதற்கு என்னைக் கூப்பிட வேண்டாம்.